இரட்டை மணி

அந்த நெடுஞ்சாலையின் ஒரு முனையில் பல்கலைக்கழகம், மறுமுனையில் பஸ் ஷெட். நடுவே முப்பத்திரண்டு கிலோமீட்டரில் ஏழு ஊர்கள். ஊர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஏழும் தூங்கி எழுவதற்கென்றே கட்டியவை. காலை எட்டரை மணிக்கு மேல் போனால் பூனைகள்தான் வரவேற்கும். மனிதர்கள் அத்தனை பேரும் டிபன் பாக்ஸும் கையுமாகச் சாலைக்கு வந்துவிடுவார்கள். படிக்கிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர்கள், இவர்கள் எல்லாரும் உட்காருகிற நாற்காலிகளைத் துடைக்கிறவர்கள் என்று ஒரு படையே தினமும் அந்தச் சாலையில் போய் வந்தது.

அந்தத் தடத்தில் பதினாறு வருஷமாகக் கண்டக்டராக இருந்தவளை எல்லாரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த, தலை முழுக்க நரைத்த வாத்தியார்கூட ‘அக்கா, ஒரு பல்கலைக்கழகம்’ என்று கையை நீட்டுவார்.

அக்காவுக்கு அந்தச் சாலை கண்ணால் தெரியாது, காலால்தான் தெரியும். டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டு போவார். அவள் சாலைக்கு முதுகைக் காட்டி, ஆட்களைப் பார்த்தபடி நிற்பாள். காலுக்கடியில் தடக், தடக், தடக் என்று மூன்று தடவை குலுங்கினால் ஆற்றுப் பாலம். உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தால் செங்கல் சூளை வளைவு. வயிறு லேசாக எழும்பி இறங்கினால் ரயில் பாதை மேம்பாலம். அதைத் தாண்டினால் பல்கலைக்கழகம். கண்ணைக் கட்டிவிட்டால்கூட எந்த ஊர் வந்திருக்கிறது என்று பாதத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

வண்டியை ஓட்டுகிறவர் அவளுடைய கணவர். மற்ற வீடுகளில் யார் சொல்லி யார் கேட்கிறார்கள் என்பது நான்கு சுவருக்குள் முடிகிற சமாசாரம். இவர்கள் விஷயத்தில் அது தினமும் அறுபது பேர் முன்னிலையில் நடந்தது. கூரையோடு ஓடுகிற கயிற்றை அவள் ஒரு தடவை இழுத்தால் டிரைவர் தலைக்கு மேலே ஒற்றை மணி அடிக்கும். அவர் நிற்க வேண்டும். இரண்டு தடவை இழுத்தால் இரட்டை மணி. அவர் கிளம்ப வேண்டும். கேலி செய்கிறவர்களிடம் அவர் அசராமல் சொல்வார்.

“எல்லா வீட்லயும் இதுதான் நடக்குது. எங்க வீட்ல மணிச் சத்தம் வெளியில கேக்குது, அவ்வளவுதான்.”

இரட்டை மணி அடிப்பதில் அக்கா கெட்டி. படியில் யார் காலாவது இருக்கிறதா, கதவில் துணி நுனியோ பை வாரோ மாட்டியிருக்கிறதா, பின்னால் யாராவது மூச்சிரைக்க ஓடி வருகிறார்களா என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் கை கயிற்றுக்குப் போகும். துளி சந்தேகம் இருந்தாலும் போகாது. பதினாறு வருஷத்தில் அவள் மணிக்கு ஒருவரும் விழுந்ததில்லை, ஒரு செருப்புகூடத் தவறியதில்லை. அவரும் அந்த மணி கேட்காமல் ஓர் அங்குலம் வண்டியை நகர்த்தியதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு மெஷின் வந்து புகுந்தது. கதவோரம் பொருத்துகிற டிக்கெட் மெஷின். ஆறு மாதத்தில் எல்லா வண்டியிலும் அது வந்துவிடும், அப்புறம் இந்தத் தடத்தில் கண்டக்டர்கள் கிடையாது என்று ஷெட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். விருப்பமுள்ள கண்டக்டர்கள் டிரைவர் பரீட்சை கொடுக்கலாம். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தேறாதவர்களுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய டிப்போவின் சாமான் அறையில் வேலை.

சாமான் அறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியும். சுவரெல்லாம் தகரப் பெட்டி, பெட்டியெல்லாம் நட்டு, போல்ட்டு, வாஷர். நாள் முழுக்க அளவு பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம். ஆனால் அந்த அறைக்கு அதிகாரி அக்காவின் நாத்தனார்.

நாத்தனார் கெட்டவள் இல்லை. பாசம் என்று ஆரம்பித்தால் எதிராளிக்கு மூச்சு முட்டிவிடும், அதுதான் சிக்கல். நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே போன் வந்துவிட்டது.

“நீ கவலையே படாதே. எம்பக்கத்துலயே உனக்கு ஒரு ஸ்டூல் போட்டுட்டேன். அதுக்கு ஒரு குஷன்கூடத் தச்சாச்சு. ரெண்டு பேரும் நாள் பூராப் பேசிக்கிட்டே நட்டு பிரிக்கலாம்.”

“சரிங்க அண்ணி,” என்று அக்கா போனை வைத்தாள். அவளுக்குச் சாலை வேண்டும். அதில் ஏறி இறங்குகிற மனிதர்கள் வேண்டும். யாருக்கு மாமியார் வந்திருக்கிறார், யாருக்குப் பரீட்சையில் போய்விட்டது, யார் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று தெரியாமல் ஒரு காலைப்பொழுதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மறுநாள் முதல் ஆளாகப் போய் டிரைவர் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாள்.

ஓட்டக் கற்றுக்கொள்வது கஷ்டமாகவே இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கணவரே சொல்லிக் கொடுத்தார். திருப்புவது, ஒடிப்பது, பின்னால் எடுப்பது எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டன. இத்தனை இருந்தும் பரீட்சையில் கவிழ்ந்தாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

பரீட்சை அதிகாரியை ஷெட்டில் ‘சைலன்ஸர்’ என்பார்கள். ‘இடது’, ‘வலது’, ‘நிறுத்துங்க’, ‘கிளம்புங்க’ என்ற நாலு வார்த்தைக்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வராது. மடியில் ஓர் அட்டை, காதிடுக்கில் ஒரு பென்சில். தப்பு செய்தால் புள்ளி போடுவார். பன்னிரண்டு புள்ளி வரை மன்னிப்பு உண்டு. பதின்மூன்றாவது விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். அக்காவுக்கு முதல் தடவை பதினெட்டு, இரண்டாம் தடவை பதினைந்து. அத்தனையும் ஒரே தப்புக்கு. நின்ற வண்டியைக் கிளப்பத் தாமதம். அவர் ‘கிளம்புங்க’ என்பார். அவள் கதவை மூடுவாள், கியரைப் போடுவாள், அப்புறம் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். பின்னால் நிற்கிற லாரிக்காரர் ஹாரன் அடித்து மானத்தை வாங்கிய பிறகுதான் வண்டி அசையும்.

“ஏன்னே தெரியலைங்க,” என்று கணவரிடம் புலம்பினாள். “மைதானத்துல நல்லாத்தானே கிளப்பினேன்?”

அவருக்கும் புரியவில்லை. அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்று காய் வதக்கிக்கொண்டிருந்தவர், கரண்டியை வாணலி விளிம்பில் டங், டங் என்று இரண்டு தட்டு தட்டினார். அலமாரி முன்னால் நின்றுகொண்டு எதை எடுக்க வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்த அக்கா, சட்டென்று நகர்ந்து முன்னறைக்குப் போய்விட்டாள்.

அவருக்குப் பொறி தட்டியது. அவளைக் கூப்பிட்டுப் பழையபடி அலமாரி முன்னால் நிற்க வைத்தார். மறுபடியும் டங், டங். அவள் வேண்டாம் வேண்டாம் என்று இழுத்துப் பிடித்தும் வலது கால் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது.

“கண்டுபிடிச்சிட்டேன்! உனக்கு மணி வேணும்!” என்று அவர் கரண்டியை ஆட்டினார். “மைதானத்துல நீ ஓட்டறப்போ நான் பின்னாடி நின்னு விளையாட்டா மணி அடிச்சிட்டே இருந்தேனே, ஞாபகம் இருக்கா? பரீட்சையில யார் அடிப்பா? சைலன்ஸரா?”

இருவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். காய் தீய்ந்து போனது. சிரிப்பு அடங்கியதும் அக்காவின் முகம் வாடியது. நோய் தெரிந்துவிட்டது, மருந்துக்கு எங்கே போவது?

“மனசுக்குள்ள அடிச்சுக்கோ,” என்றார் அவர்.

அடித்துப் பார்த்தாள். மைதானத்தில் அவரை இறக்கிவிட்டு, தனியாக உட்கார்ந்து, மனசுக்குள் நூறு தடவையாவது அடித்திருப்பாள். மனசுக்குள் அடிக்கிற மணி காலுக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது பரீட்சை ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. ஷெட்டிலிருந்து நெடுஞ்சாலை வழியாகப் பல்கலைக்கழக ஸ்டாண்டு, அங்கிருந்து ஒரு கிலோமீட்டரில் பெரிய டிப்போ. அவ்வளவுதான் பாதை. கணவர் ஐந்தரைக்கே முதல் டிரிப் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போவதற்கு முன் விரலால் அவள் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

பயம் வந்துவிட்டால் கை பழகிய வேலையைத்தான் செய்யும். கண்டக்டர் வண்டியில் ஏறியதும் செய்கிற முதல் வேலை, நெற்றிப் பலகையின் கைப்பிடியைச் சுற்றி ஊர்ப் பெயரை மாற்றுவது. பலகையில் ‘பரீட்சை வண்டி’ என்று இருந்ததை அக்கா கரகரவென்று சுற்றிப் ‘பல்கலைக்கழகம்’ என்று வைத்துவிட்டு, தான் செய்தது தனக்கே தெரியாமல் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

கீழே நின்ற சைலன்ஸர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை கொடுக்கிறவருக்கு மறந்தும் உதவக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஏறி, கதவுக்குப் பக்கத்து முதல் சீட்டில் உட்கார்ந்து, காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“கிளம்புங்க.”

கதவு மூடியது. கியர் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகள் போயின. பதினோராவது விநாடியில் ஒரு வழியாக வண்டி நகர்ந்தது. பென்சில் அட்டையில் கீறுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. ஆரம்பமே இந்த லட்சணம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு நிமிஷத்தில் முதல் ஊர். நிறுத்தத்தில் ஒரே கூட்டம். முப்பது பேருக்குக் குறையாது. வண்டியின் நெற்றியைப் பார்த்ததும் முப்பது கைகளும் உயர்ந்தன. அந்தக் கைகளைக் கண்டால் நிற்க வேண்டும் என்பதைப் பதினாறு வருஷமாக உடம்பு முழுக்க எழுதி வைத்திருந்தவள் அக்கா. கால் பிரேக்கை மிதித்தது. வண்டி ஒழுங்காக ஓரம் கட்டி, நிறுத்தத்து மஞ்சள் கோட்டுக்கு நேராக நின்றது. கதவும் திறந்துகொண்டது.

“ஏன் நின்னீங்க?” என்றார் சைலன்ஸர். அவர் அகராதியில் அது புது வாக்கியம்.

அவள் பதில் சொல்வதற்குள் நர்ஸம்மா படியில் காலை வைத்துவிட்டாள். பதினொரு வருஷமாக வண்டியின் நடுக்கம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகிறவள்.

“அய்யோ அக்கா! நீங்களா ஓட்றீங்க?”

“ஏழேமுக்கால் வண்டி வரவே இல்லை அக்கா,” என்று பின்னாலிருந்து வாத்தியாரின் குரல். “உங்க வீட்டுக்காரர் எங்க போனார்?”

“ஒம்பது மணிக்கு எனக்கு எக்ஸாம் அக்கா!” என்றாள் ‘தூக்கம்’. வண்டியில் ஏறியதும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிடுகிற மாணவி அவள். அன்று அவள் கண்கள் தட்டு மாதிரி விரிந்திருந்தன.

சைலன்ஸர் எழுந்து நின்றார். “இது பரீட்சை வண்டி. யாரும் ஏறக் கூடாது.”

வாத்தியார் இரண்டு அடி பின்னால் போய் நிமிர்ந்து பார்த்தார். “பலகையில பல்கலைக்கழகம்னு போட்டிருக்கே, சார்?”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையைப் பார்த்தாள். இந்தக் கைதான். முகத்தில் ஈயாடவில்லை.

கதவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டால் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. தூக்கம் என்கிற அந்தப் பெண் ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. ஜன்னல் இல்லாத அறையும், குஷன் வைத்த ஸ்டூலும் ஒரு நொடி கண் முன்னால் வந்து போயின. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

“சார், இவங்களை ரோட்ல விட்டுட்டுப் போய் நான் டிரைவராகி என்ன சார் பண்ணப் போறேன்? நீங்க எத்தனை புள்ளி வேணாலும் போட்டுக்குங்க.” பிறகு கதவுப் பக்கம் திரும்பி, பதினாறு வருஷத்துக் குரலில், “ஏறுங்க, ஏறுங்க! உள்ள தள்ளிப் போங்க! முன்னாடி நிக்காதீங்க, சாருக்கு எழுதணும்!” என்றாள்.

முப்பது பேரும் ஏறி அவரவர் வழக்கமான இடத்துக்குப் போய்விட்டார்கள். சைலன்ஸர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து விரலை வைத்துத் தேடத் தொடங்கினார். கண்ணாடி உடைந்தால், கால்நடை குறுக்கே வந்தால், பரீட்சை அதிகாரிக்கே மயக்கம் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் இருந்தது. பயணிகள் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று புத்தகம் எழுதியவருக்கே தோன்றவில்லை.

கதவு மூடியது. கியர் விழுந்தது. பரீட்சைதான் போய்விட்டதே, இனிமேல் என்ன பயம் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கால் நகரவில்லை. வண்டிக்குள் எல்லாரும் அவள் முதுகைப் பார்த்தார்கள்.

நடுக்கம்பிக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸம்மா படியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பின்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தாள். பதினொரு வருஷமாக அக்கா செய்வதைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஆயிற்றே. கையை உயர்த்திக் கயிற்றை இரண்டு இழு இழுத்தாள்.

டிங். டிங்.

வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு கிளம்பியது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அதற்கப்புறம் அடுத்த ஊரிலும் கைகள் உயர்ந்தன, அதற்கடுத்த ஊரிலும் உயர்ந்தன. முப்பது பேரை ஏற்றினவளுக்கு மீதிப் பேரை விட மனசு வருமா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணி அடிக்க உள்ளே போட்டா போட்டி. வாத்தியார் ஒரு தடவை ஆசைப்பட்டு இழுத்துவிட்டு, தனக்கு முனைவர் பட்டம் கிடைத்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை என்று அறிவித்தார். மூன்றாவது ஊருக்கப்புறம் வலப்பக்கத்திலிருந்து ஒரு நீள டிரெய்லர் லாரி குறுக்கே வெட்டியது; அக்கா நிற்கிறவர் ஒருவர்கூடத் தடுமாறாமல் வேகத்தைக் குறைத்து வழிவிட்டாள். உள்ளே நிற்கிறவர்களின் வலி டிரைவருக்குத் தெரியாது என்று பதினாறு வருஷம் புருஷனைத் திட்டியவள் அவள்.

ஆற்றுப் பாலம் வந்தது. தடக், தடக், தடக். முந்தைய இரண்டு பரீட்சையிலும் பயத்தில் முன்னால் போகிற லாரியின் பின்பக்கத்தைத் தவிர எதையும் அவள் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் அகலக் கண்ணாடி முழுக்க ஆறு. காலை வெயிலில் கரை தெரியாமல் பளபளவென்று கிடந்தது.

“ஏங்க, ஆத்துல இவ்வளவு தண்ணியா!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

“பதினாறு வருஷமா ஓடுது அக்கா,” என்றார் வாத்தியார்.

சாலை இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சூளை வளைவில் புகைக்கூண்டுகள் வரிசையாக நின்றன. காலால் மட்டுமே தெரிந்த ஒவ்வொன்றும் முகத்தைக் காட்டிக்கொண்டு எதிரே வந்தது. அவள் மனசு நிறைந்து தளும்பியது.

சூளை வளைவு முடிகிற இடத்தில், எதிர்ப்பக்கச் சாலையோரத்தில் ஒரு பஸ் ஜாக்கி மேல் ஏறி நின்றது. ஏழேமுக்கால் வண்டி ஏன் வரவில்லை என்பது தெரிந்துவிட்டது. பஞ்சரான சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் நிமிர்ந்தார். மனைவி ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தார். வண்டி நிறைய ஆட்களைப் பார்த்தார். ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் ஆடின. ஒரு நொடி வாயைப் பிளந்தவர், கையிலிருந்த ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு, சாலையோரப் புல்லில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். ஐம்பது வயதில் அவ்வளவு உயரம் குதிக்க முடியும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

“சார், அது எங்க வீட்டுக்காரர்,” என்றாள் அக்கா.

சைலன்ஸர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அட்டையில் குனிந்தார்.

பல்கலைக்கழக ஸ்டாண்டில் வண்டி நின்றபோது மணி எட்டு ஐம்பது. இறங்கியவர்கள் யாரும் சும்மா இறங்கவில்லை. முதல் சீட்டைத் தாண்டும்போது ஆளுக்கொரு வார்த்தை அதிகாரியிடம் சொல்லிவிட்டே இறங்கினார்கள்.

“என் பேப்பர் எப்படிப் போனாலும் பரவாயில்லை சார், எங்கக்காவைப் பாஸ் பண்ணிடுங்க,” என்றாள் தூக்கம்.

நர்ஸம்மா குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்: “சார், உங்களுக்கு எப்பவாவது ஊசி போடணும்னா எங்கிட்டதான் வருவீங்க. ஞாபகம் வச்சுக்குங்க.”

கடைசி ஆளும் இறங்கியாயிற்று. அறுபது பேர் இருந்த வண்டியில் திடீரென்று காற்று மட்டும் இருந்தது. சைலன்ஸர் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“பலகை தப்பு, ரெண்டு. ஷெட்ல கிளப்பத் தாமதம், மூணு. சொல்லாம நின்னது, நாலு. ஆளுங்களை ஏத்தினதுக்குப் புத்தகத்துல எதுவும் இல்லை. அதனால ‘பாதையில் தேவையற்ற தாமதம்’னு மொத்தமா ஒரு மூணு.” நிறுத்தினார். “பன்னிரண்டு.”

அக்கா கண்ணாடியில் அவரையே பார்த்தாள். “அப்போ... போகலையா சார்?”

“பதின்மூணு விழுந்தாத்தான் போச்சு. டிப்போ வரைக்கும் பாக்கி இருக்கு.” பென்சிலை எடுத்தார். “கிளம்புங்க.”

போய்விட்டது என்று நினைத்தபோது இல்லாத நடுக்கம், இன்னும் போகவில்லை என்று தெரிந்ததும் வந்துவிட்டது. கதவை மூடினாள். கியரைப் போட்டாள். வண்டிக்குள் நர்ஸம்மா இல்லை, வாத்தியார் இல்லை, கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விநாடி. இரண்டு.

உள் கண்ணாடியில் காலி வண்டி தெரிந்தது. கதவோரக் கம்பி தெரிந்தது. அவளைப் போல யாரோ ஒரு கண்டக்டர் வருஷக்கணக்கில் சாய்ந்து நின்று தேய்ந்த இடம் பளபளத்தது. அங்கே நின்றுகொண்டு என்ன செய்வோம் என்று யோசித்தாள். படியைப் பார்ப்போம். பார்த்தாள், கால் எதுவும் இல்லை. கதவைப் பார்ப்போம். எதுவும் மாட்டவில்லை. பின்னால் பார்ப்போம். யாரும் ஓடி வரவில்லை.

அட, அவ்வளவுதானா? இத்தனை நாள் மணிக்காகக் காத்திருந்ததாக அல்லவா நினைத்தோம்! மணியா முக்கியம், யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதல்லவா முக்கியம்? அந்த யாரோ எப்போதும் நான்தானே என்று அவளுக்கு ஒரே வீச்சில் புரிந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தாள்.

“போலாம் ரைட்!”

வண்டி கிளம்பிவிட்டது. சைலன்ஸரின் பென்சில் கை தவறி உருண்டு சீட்டுக்கடியில் போனது. டிப்போ வாசல் வரை அதை அவர் தேடவில்லை.

டிப்போ வாசலில் நாத்தனார் காத்துக்கொண்டிருந்தாள். இறங்கிய அக்காவின் முகத்தையும், பின்னால் இறங்கிய அதிகாரியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டாவது முகத்தில் எதையும் படிக்க முடியாது என்று ஊருக்கே தெரியும். அவர் அட்டையின் அடியில் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து அக்காவிடம் நீட்டினார்.

“தேர்ச்சி,” என்றார். அது அவருடைய ஐந்தாவது வார்த்தை. வருஷத்தில் மிகச் சிலருக்கே கேட்கக் கிடைக்கும்.

அக்கா தாளை முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். நாத்தனாருக்கும் கண் கலங்கிவிட்டது.

“அப்போ ஸ்டூலை எடுத்துடட்டுமா?” என்றாள்.

“கோவமா அண்ணி?”

“கோவம் என்ன கோவம்? இங்கயே நில்லு.” உள்ளே ஓடியவள், பூப்போட்ட உறை தைத்த குஷனோடு வந்தாள். “இதை டிரைவர் சீட்டுல போட்டுக்கோ. உனக்குன்னு தச்சது. தினமும் இந்த வாசல்ல ஒரு ஹாரன் அடிச்சிட்டுப் போகணும், சொல்லிட்டேன்.”

அக்கா அந்தக் குஷனைச் சீட்டில் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். சாலை இன்னும் இரண்டு விரல் உயரமாகத் தெரிந்தது. வண்டியைத் திரும்ப ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் கணவரைப் பார்க்க வேண்டும், இதற்குள் அவர் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கியிருக்கும். இந்தத் தாளை ஜன்னல் வழியாக ஆட்ட வேண்டும்.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். கீழே சைலன்ஸர் பையும் கையுமாக நின்றிருந்தார்.

“என் காரு ஷெட்ல நிக்குது,” என்றார். “என்னையும் கொண்டு போய் விட்டுடறீங்களா?”

“ஏறுங்க சார்! இதுக்குப் போய் கேக்கணுமா? உள்ள தள்ளி நில்லுங்க!” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சொன்னபடியே உள்ளே தள்ளிப் போனார். முதல் சீட்டில் உட்காரவில்லை. நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கம் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்தார். படியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, முப்பது வருஷ உத்தியோகத்தில் செய்யாத ஒரு காரியமாக, கையை மேலே நீட்டிக் கயிற்றைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தார்.

டிங். டிங்.

ஆனால் வண்டி அதற்கு முன்பே நகர்ந்திருந்தது.